இருபத்தெட்டு அங்குலம்

ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரிய விஷயம், நின்றுகொண்டு போவதாக இருந்தால் திருவெறும்பூர் போய்ச் சேருவதற்குள் இடது கால் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி முடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, சத்திரம் பஸ் நிலையத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை, பாலியெஸ்டர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சட்டை நிறைய ஆரஞ்சுப் பூ, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், காலர் இரண்டு பக்கமும் நாய்க்காது மாதிரி தொங்குகிறது, மேலே மூன்று பட்டன் போடுவதில்லை என்பது சட்டம். கனகவல்லி எடுத்துக் கொடுத்த துணி. 'இதைப் போட்டுக்கிட்டு வாங்க, டிஸ்கோ சட்டையைப் பார்த்தாலே எங்கப்பாவுக்குச் சிரிப்பு வரும், சிரிச்சுட்டார்னா பாதிக் காரியம் முடிஞ்ச மாதிரி' என்றாள். பாதிக் காரியம். மீதிப் பாதி என் காலில் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது, மூன்று வருஷமாகத் தெரியாது, இன்னும் முக்கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஏனென்றால் எல்லா வீட்டுக்கும் வாசல் இருக்கிறது, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உலகத்தில் இதைவிடச் சாதாரணமான காரியம் கிடையாது, இந்தச் சாதாரணக் காரியத்தை நினைத்துத்தான் மூன்று வாரமாக நான் தூங்கவில்லை. வண்டி எப்ப எடுப்பீங்க என்று யாரோ கேட்கிறார்கள், கண்டக்டர் 'எடுக்கறப்ப எடுப்போம், உனக்கென்ன முகூர்த்தமா' என்கிறார். எனக்குத்தான் முகூர்த்தம். எடுக்கவே வேண்டாம் ஐயா, டயர் பஞ்சராகட்டும், டிரைவருக்கு வயிற்றுவலி வரட்டும், பாவம் சாதாரண வயிற்றுவலிதான், ஒன்றும் ஆகாது. எடுத்துவிட்டார்கள். காற்று வந்தது. ஒரு நிமிஷம் முதுகு குளிர்ந்து சுகமாக இருந்தது, சுகமாக இருந்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

கீழே பார்க்கிறேன். பேண்ட்டின் அடி இரண்டு மணியாக விரிந்து ஷூவை முழுங்கிவிட்டிருக்கிறது, முன்னால் பளபளவென்று மூக்கு மட்டும் தெரிகிறது, இரண்டு மூக்கும் ஒரே மாதிரி. உள்ளே இருப்பது எனக்கும் பாலக்கரையில் செருப்புத் தைக்கும் அந்தோணிசாமிக்கும் மட்டும் தெரியும். வலது ஷூவுக்கு இரண்டு அங்குல ஹீல்ஸ், இடதுக்கு மூன்றரை, தக்கையை அடுக்கி ஒட்டி மேலே தோல் போர்த்தியது. இரண்டு வயதில் காய்ச்சல், இளம்பிள்ளை வாதம், கால் போகாமல் இருந்ததே முருகன் புண்ணியம் என்று அம்மா சொல்வாள், கிருத்திகை தவறாமல் வயலூருக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள், எட்டு வயது வரைக்கும். கால் போகவில்லை, வளர மறுத்துவிட்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அரை டவுசர். அரை டவுசர் என்பது எவ்வளவு கொடுமையான உடை என்று கால் சரியாக இருப்பவனுக்குத் தெரியாது, ஒரு முருங்கைக்காயும் ஒரு புடலங்காயும் தொங்கவிட்டுக்கொண்டு பிரேயருக்கு நிற்பேன், கோணக்காலா என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பேன், பெயரே அதுதான் என்று ஆகிவிட்டது. கல்லூரியில் ஒல்லி பேண்ட், ஒட்டப் பிடித்த பேண்ட், அதற்குள் கால் இருக்கிறதா குச்சி இருக்கிறதா என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. யாரோ எங்கேயோ பேண்ட்டின் அடியை அகலமாக்கினார்கள். இருபது, இருபத்திரண்டு, இருபத்தாறு. ஷூவுக்கு அடியில் கட்டை வைத்தார்கள். ஊரே குதிகால் உயர்ந்து, ஊரே கால் மறைந்து, ஊரே தெருவைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. வயசானவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், எங்கள் மேனேஜர் 'இந்தத் துணியில் என் மூணு பசங்களுக்கு டவுசர் தெச்சுடலாம்யா' என்றார். நான் மட்டும் ராத்திரி படுக்கையில் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்காகவே யாரோ யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வைத்துத் தைக்கச் சொன்னேன், தரையில் உரசித் தேயாமல் இருக்க அடியில் வெள்ளி நிற ஜிப்பைச் சுற்றி வைத்துத் தைத்தார்கள். அன்றைக்கு முதல் முதலாகப் பெரிய கடை வீதியில் நடந்து போனேன், ஒருத்தரும் காலைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தார்கள், கிருதாவைப் பார்த்தார்கள், காது மூடிய ஸ்டெப் கட்டிங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. மேலே பார்த்துச் சிரிக்கிறவன் கீழே பார்ப்பதில்லை.

ஆனால் நடை? நடையை என்ன செய்வது. என்னதான் தக்கை வைத்தாலும் இடது பக்கம் லேசாக ஒரு அமுங்கல், ஒரு எழும்பல். அதைத்தான் ஸ்டைல் என்றார்கள். சத்தியமாக. இன்ஷூரன்ஸ் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் என் பின்னாலேயே அந்த மாதிரி நடந்து பழகினார்கள், ஆண்டு விழாவில் கலர் விளக்கு சுற்றும்போது ஒருத்தன் மேடையில் இடது தோளை இறக்கி ஏற்றி நடந்து காட்டினான், 'டிஸ்கோ மணி! டிஸ்கோ மணி!' என்று விசில். என் முழுப்பெயர் தெய்வசிகாமணி. வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன், பக்கத்து வரிசையில் டைப்பிஸ்ட் கனகவல்லி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் பூப்போட்ட நைலக்ஸ் புடவை, கையில்லாத ஜாக்கெட், காதில் வளையல் அளவுக்கு வளையம், தலையில் ஏற்றிவிட்ட கூலிங்கிளாஸ், இரவில் எதற்குக் கூலிங்கிளாஸ் என்று நான் கேட்டதுதான் முதல் பேச்சு. 'அழகுக்கு நேரம் காலம் உண்டா?' என்றாள். ஆறு மாசம் கழித்து ஒருநாள் அவளாகவே சொன்னாள்: 'உங்ககிட்ட எனக்கு முதல்ல பிடிச்சதே அந்த நடைதான்.' இதைச் சொன்னபோது சந்தோஷப்பட்டேனா, செத்தேனா? இரண்டும். இரண்டும் ஒரே நிமிஷத்தில். வாய் 'தேங்க்ஸ்' என்றது, இடது கால் மேஜைக்கு அடியில் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அது ஸ்டைல் இல்லை கனகா, அது நொண்டி. ஆறு வார்த்தை. காசா பணமா. சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் இல்லை, இருந்தாலும் வேறு மாதிரி இருப்பேன்.

காந்தி மார்க்கெட்டில் கூட்டம் ஏறுகிறது, வெங்காய மூட்டை, கொத்தமல்லி வாசனை, ஒரு அம்மாள் முருகா என்று மூச்சு வாங்கி உட்காருகிறாள், நானும் வாய்க்குள் முருகா என்கிறேன், சட்டென்று சுற்றும் பார்த்துக்கொள்கிறேன். இது இன்னொரு கதை. இதுதான் பெரிய கதை என்றுகூடத் தோன்றுகிறது. மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் விட்டு வரும் வழி, 'வாங்க, மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுட்டுப் போயிடலாம்' என்று அவள் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டாள். கழற்றியதும் மூன்று அங்குலம் குறைந்து சின்னப் பெண்ணாகிவிட்டாள், பார்க்க ஆசையாக இருந்தது. என்னையும் கழற்றச் சொல்கிறாள். வெறுங்காலோடு நான் நடப்பதென்றால் இடது கையைத் தொடையில் ஊன்றி, ஊன்றி, அப்படித்தான். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். 'எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லீங்க.' இரண்டு வயதிலிருந்து முருகனைத் தவிர எதிலும் நம்பிக்கை இல்லாதவன் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, மரியாதை. கொள்கைக்காரர் என்று முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் காவல். சமயபுரத்தில் நின்றேன், திருவானைக்காவலில் நின்றேன், வயலூரிலேயே நின்றேன், என் வயலூரில், உள்ளே மணி அடிக்கிறது, காலுக்குக் கீழே நூறு ஜோடிச் செருப்பு. பொய்யைக் காப்பாற்ற ஆபீசில் சங்கத்து ஆள் கொடுத்த நாத்திகப் பத்திரிகைகளை வரிவிடாமல் படித்தேன், வாதம் பண்ணக் கற்றுக்கொண்டேன், சட்டைப் பையில் அந்தப் பத்திரிகை, அதற்குள் மடித்து வைத்த திருநீற்றுப் பொட்டலம். அதிலும் என் நல்ல நேரம் பாருங்கள், அவள் அப்பா பொன்னுரங்கம், தொழிற்சாலையில் ஃபோர்மேன், நாற்பது வருஷமாகச் சாமி கும்பிடாதவராம். 'எங்கப்பா உங்களைப் பார்க்கணும்னு சொன்னதுக்குக் காரணமே அதுதான், பூ சட்டை போட்டவனுக்குக் கொள்கையும் இருக்கான்னு ஆச்சரியமாயிட்டார்' என்றாள். ஆக ஒரு காலை மறைக்க ஒரு கடவுளையும் மறைத்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கல்யாணம் நிற்கிறது.

பால்பண்ணையில் ஒரு கல்லூரிப் பையன் ஏறி என் முன்னால் கம்பியைப் பிடித்து நிற்கிறான். என் கண் தானாக அவன் காலுக்குப் போகிறது, எல்லோருடைய காலுக்கும் போகிற மாதிரி. அவன் பேண்ட் மேலே தொளதொளவென்று, கீழே வர வரக் குறுகி, கணுக்காலில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷூவில்லை, சாதாரணத் தட்டைச் செருப்பு. டெய்லர் காதர் சொன்னது சரிதான். போன வாரம் இந்தப் பேண்ட்டுக்கு அளவெடுக்கும்போது டேப்பைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார். 'அண்ணே, பாட்டம் இருபத்தெட்டா? பசங்கல்லாம் பதினாலுக்கு வந்துட்டாங்க. இன்னும் பெல்ஸ் கேக்குற ஆள் நீங்க ஒருத்தர்தான்.' நான் சிரித்துக்கொண்டே 'எனக்கு இதான் அம்சமா இருக்கு பாய்' என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், இருபத்தெட்டு என்று எழுதினார். அவருக்குத் தெரியுமோ? அளவெடுக்கிறவர் கைக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்துதான் எட்டு வருஷமாகப் பேசாமல் இருக்கிறாரோ. அடுத்த வருஷம் நான் ஒருத்தன் மட்டும் பெல்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் ஊர் மறுபடியும் கீழே பார்க்கும். ஏன் இவன் மட்டும் என்று கேட்கும். ஊர் என்ன, கனகாவே கேட்பாள், அவள் பழைய மோஸ்தரை ஒரு மாசம்கூட வைத்திருக்க மாட்டாள், மேக்சி வாங்கி மூன்று தடவை போட்டுவிட்டுத் தங்கைக்குக் கொடுத்தவள். அப்படியானால் இன்றைக்குத் தப்பித்தாலும் என்ன, மோஸ்தர் போனால் சாயம் வெளுக்கத்தான் போகிறது. தப்பிக்க வழி இல்லை என்பது ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது, அரியமங்கலம் வரைக்கும் அந்த நிம்மதி நீடித்தது, அப்புறம் காட்டூர் காட்டூர் என்று கண்டக்டர் கத்தியதும் பயம் பழையபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. போன வெள்ளிக்கிழமை ஐஸ்கிரீம் கடையில் சொல்லத்தான் போனேன். 'கனகா, ஒரு விஷயம்' என்று ஆரம்பித்தேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள், முகம் வெளிறிவிட்டது. 'உங்க வீட்ல வேற பொண்ணு பார்த்துட்டாங்களா?' என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் 'சேச்சே, ஞாயித்துக்கிழமை எந்தச் சட்டை போட்டுட்டு வரட்டும்னு கேக்க வந்தேன்' என்றேன். அப்படித்தான் இந்த ஆரஞ்சுப் பூ.

திருவெறும்பூரில் இறங்கினேன். படி உயரம், வலது காலை முதலில் இறக்கிவிட்டு இடதை இழுத்துக்கொள்ள வேண்டும். தெருவில் எதிரே வந்த ஒருத்தர் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். நல்லது. வீட்டு எண் இருபத்தொன்று. திரும்பிப் போய்விடலாம், காய்ச்சல் என்று சொல்லலாம், காய்ச்சலே எனக்குப் புதிதா. கேட்டைத் திறந்துவிட்டேன். மூன்று படி. வாசலில் புதுக் கோலம், சாயங்காலத்தில் கோலம், எனக்காகத்தான். நிலைப்படிக்கு அப்பால் சிவப்பு சிமெண்டுத் தரை, முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை வேட்டியில் பெரியவர் எழுந்து வந்தார், சட்டையைப் பார்த்தார், அவள் சொன்ன மாதிரியே சிரித்துவிட்டார்.

"வாங்க தம்பி, வாங்க! பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா? அட, அங்கயே நிக்காதீங்க. ஷூவையெல்லாம் கழட்ட வேணாம். நம்ம வீட்ல அந்தச் சாங்கியம் எதுவும் கிடையாது. கயிறை அவுத்து, கயிறைக் கட்டி, எதுக்கு? அப்படியே வாங்க."

ஷூவையெல்லாம் கழட்ட வேணாம். மூன்று வாரமாக நான் யோசித்த நூறு வழியில் இந்த ஒரு வழி இல்லை. என் பொய்யே எழுந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, சிரித்துவிட்டேன், இப்படியே போய்விடலாம், பதிவுத் திருமணம் என்பார் இவர், மாலை மட்டும்தான், ஷூவோடு நின்று மாலை மாற்றிக்கொள்ளலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வலது காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்தேன். அப்போதுதான் கூடத்தைப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் நிறைய தலைவர்கள் படம், அது அவருடைய சுவர். எதிர்ச் சுவர் அவர் மனைவியுடையது போலிருக்கிறது. ஒரு பலகை, சின்ன விளக்கு, நடுவில் வயலூர் முருகன். கோயில் வாசல் கடையில் விற்பார்களே, ஓரத்தில் மயில் போட்ட அதே படம், எங்கள் வீட்டில் இருக்கும் அதே படம். அந்த அம்மாள் சமையல்கட்டு வாசலில் நின்று என் ஷூவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கால் நகரவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மை அது இல்லை. அந்த முருகன் முன்னால் ஷூவோடு நடக்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். கோயிலுக்குள்ளே வராமல் வெளியே நின்றதைக்கூட மன்னிப்பான். இதை மாட்டான். வைத்த காலைப் பின்னால் எடுத்தேன். படியில் உட்கார்ந்தேன். கயிற்றை அவிழ்த்தேன்.

"அட, வேணாம்னு சொல்றேன்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்று உயரம், ஒன்று குட்டை. தக்கை ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

இடது கையைத் தொடையில் ஊன்றி எழுந்தேன். நின்றதும் பேண்ட்டின் அடி நாலு பக்கமும் தரையில் படர்ந்துகொண்டது. நடந்தேன். ஜிப் சிமெண்டில் கரகரவென்று இழுபட்டது, ஒரு அடி பெரிதாக, ஒரு அடி சின்னதாக, அந்தச் சத்தத்தைக் கேட்டாலே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். படத்துக்கு முன்னால் வந்ததும் கை இரண்டும் தானாகச் சேர்ந்துவிட்டது.

"நீங்க சாமி கும்பிடுவீங்களா தம்பி?" என்றார் பொன்னுரங்கம். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏமாந்துபோனவர் குரல்.

திரும்பினேன். கனகவல்லி கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நீலப் புடவை, காதில் அந்தப் பெரிய வளையம். வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வயசுலேர்ந்து. காய்ச்சல் வந்து..."

"அதை நான் கேக்கலை. சாமி கும்புடறது எப்பலேர்ந்து?"

காலுக்கு மூன்று வாரமாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். இதற்கு ஒன்றும் இல்லை.

"அதுவும் அப்பலேர்ந்துதான்."

"அப்ப வயலூர்ல செருப்புக்குப் பக்கத்துல நின்னீங்களே? மூணு வருஷம் என்னைத் தனியா உள்ள அனுப்பிட்டு நின்னீங்களே? உங்களுக்கு நல்ல புத்தி வரணும்னு உங்களுக்கும் சேர்த்து நான் கும்பிட்டேன். தேங்காய் உடைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. என்னைப் பத்தி என்னதான் நினைச்சீங்க நீங்க?"

அவள் அம்மா வந்து தட்டை வாங்கிக்கொண்டார். கனகவல்லி முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள், உள்ளே போகவில்லை. போவாள் என்றுதான் நினைத்தேன். நான் ஒரு எட்டு வைத்தேன், துணியில் மிதித்துத் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் கீழே பார்த்தாள், இருபத்தெட்டு அங்குலத்தையும் பார்த்தாள்.

"பேண்ட்டை மடிச்சு விடுங்க. தடுக்குது." கோபம் போகாத குரல்தான்.

குனிந்தேன். வலது காலை முதலில் மடித்தேன், ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பு, மெதுவாக. அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு இடதையும் மடித்தேன்.